பழைய காரும் பவர் ஸ்டீரிங்கும்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்கு அருகே வசிக்கும் நண்பர் ஒருவரிடம் 1968-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாஸடர் கார் ஒன்று இருக்கிறது. வாங்கியவர் அவருடைய தந்தையார். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கார் பெற்ற காலம் அது. திருமணமான புதிதில் ஹௌரா நிலையத்திலிருந்து தம் மனைவியை அந்த வண்டியில்தான் நண்பர் வீட்டுக்கு அழைத்து வந்தார். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும் அதில்தான்.

நண்பருக்கு இப்போது வயது 74. சென்ற ஆண்டு வலத் தோளில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. நேரான சாலையில் ஓட்டுவதற்கு அது தடையாக இல்லை. ஆனால் வீட்டுச் சந்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது ஸ்டீரிங் சக்கரத்தை முழுவதும் வளைக்க முடியவில்லை. ஒரு நாள் பாதியில் கை தளர்ந்து, வண்டி மதிற்சுவரில் உராய்ந்தது. அன்றிரவே அவருடைய மனைவி, “போதும், விற்றுவிடலாம்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் நண்பர் என்னிடம் வந்து, “சார், இதற்குப் பவர் ஸ்டீரிங் வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்டார். நேயர்களில் பலர் வீட்டிலும் இத்தகைய வண்டியும் இத்தகைய தோளும் இருக்கக்கூடும். ஆதலால் நாங்கள் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீரிங்குக்கு இயந்திர விசையைத் துணை சேர்க்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் பிரான்ஸிஸ் டேவிஸ் என்னும் பொறியியலாளர் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் பணியாற்றியபோது, கனமான லாரிகளை ஓட்டுவோர் படும் பாட்டைக் கண்டார். எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சக்கரத்தைத் திருப்பும் ஏற்பாட்டை அமைத்து 1926-இல் ஓட்டிக் காட்டினார். எனினும் அது விற்பனைக் காரில் இடம்பெறக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1951-இல் கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில்தான் முதலில் வந்தது. எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரைக் கொண்டு உதவும் முறை 1988-இல் ஜப்பானில் ஸுஸுகி செர்வோ என்னும் சிறிய காரில் தொடங்கியது.

பழைய வண்டிக்கு இவ்விரண்டில் எது ஏற்றது? எண்ணெய் முறைக்கு எஞ்சினோடு பெல்ட்டால் சுழலும் பம்ப் வேண்டும். எண்ணெய்த் தொட்டியும் குழாய்களும் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் ராக்கையே மாற்றியாக வேண்டும். வேறொரு காரின் ராக்கைக் கொண்டுவந்து பொருத்தினால் நீளமும் கோணமும் ஒத்துவர வேண்டும். ஒவ்வாவிடில் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பும். மின்முறையில் இந்தத் தொல்லை இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டீரிங் தண்டின் ஒரு பகுதியில் மோட்டார் அமர்கிறது. ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்பும்போது தண்டிலுள்ள மெல்லிய முறுக்குக் கம்பி ஓரிரு பாகை முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கை அளந்து மோட்டார் அதே திசையில் தள்ளுகிறது. கையிலிருந்து சக்கரம் வரையுள்ள இரும்புத் தொடர்பு அறுபடுவதே இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

பவானிபூரில் பட்டறை வைத்திருக்கும் முதியவரான ஒரு சர்தார்ஜியிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார். பிறகு நண்பரைத் திருப்பச் சொன்னார். தரையைத் தொடாத நிலையிலும் ஸ்டீரிங் கனமாகவே இருந்தது! “பாரம் டயரில் இல்லை, மூட்டில் இருக்கிறது” என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். தூக்கிய நிலையில் இலேசாகத் திரும்பினால் கனத்துக்குக் காரணம் டயரும் வண்டியின் எடையுமே. அப்போதும் கனத்தால் குற்றம் உள்ளேயிருக்கிறது. நண்பரின் வண்டியில் சக்கரங்கள் திரும்பும் கிங்பின்கள் பல்லாண்டுகளாகக் கிரீஸ் காணாமல் வறண்டிருந்தன. டயர்களிலும் காற்றுக் குறைவு.

கிங்பின்களைப் புதுப்பித்துக் கிரீஸ் ஏற்றி, காற்றும் சரியாக அடைத்தபின் வண்டி பெரிதும் மாறிவிட்டது. வண்டியைச் சற்றே நகரவிட்டுத் திருப்பும் பழக்கத்தையும் சர்தார்ஜி நினைவூட்டினார். நின்ற இடத்திலேயே திருப்பினால் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு புரள வேண்டியிருப்பதால் பளு பன்மடங்காகிறது. இவ்வளவோடு பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றே நினைக்கிறேன். நண்பரின் தோளுக்கு மட்டும் அது போதவில்லை. பிறகுதான் மின்மோட்டாரை எடுத்தோம்.

ஓடி முடிந்த சிறிய கார்களிலிருந்து கழற்றிய மின் ஸ்டீரிங் தண்டுகள் மல்லிக் பஜாரில் கிடைக்கின்றன. ஒரு பட்டறையில் பழைய தண்டை அறுத்து, புதியதன் நுனியோடு வெல்டிங் செய்து அரை நாளில் தருவதாகச் சொன்னார்கள். விலையும் மலிவு. நண்பர் மயங்கினார், நான் மறுத்தேன். உயிர் தொங்கும் தண்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் போதும். பல்வெட்டுள்ள இணைப்புகளையும் யுனிவர்ஸல் ஜாயின்டுகளையும் கடைசல் பட்டறையில் அளவெடுத்துச் செய்து பொருத்துவதே முறை. செலவு கூடுதலானாலும் அப்படியே செய்தோம். தந்தையார் காலத்துத் தண்டை அறுக்காமல் முழுதாகக் கழற்றி, எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார் நண்பர்.

அடுத்த சிக்கல் மின்சாரம். அக்காலத்து டைனமோ முழு வேகத்தில் சுழன்றாலும் ஏறக்குறைய 20 ஆம்பியர் மின்சாரமே தரும்; எஞ்சின் மெதுவாக ஓடுகையில் பெயரளவுக்கே தரும். ஸ்டீரிங் மோட்டாரோ, வண்டி நிற்கும்போதுதான் மிகுதியாகக் கேட்கும்; சில விநாடிகளுக்கு 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்க வேண்டியதாயிற்று. அக்கால வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கருவிகளுக்கு எதிர்முனையே அவ்வாறு இருக்க வேண்டும். இதைப் பாராமல் இணைத்தால் கருவி அக்கணமே கருகிவிடும்.

புதிய கார்களில் வேகம் கூடக் கூட மோட்டாரின் உதவி தானே குறையும். பழைய வண்டியில் வேகத்தை மின்குறியாகத் தெரிவிக்கும் கருவி இல்லாததால், உதவியின் அளவைக் கையால் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதை மிகுதியாக வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து. விரல் பட்டாலே வண்டி விலகும், சாலையின் தன்மையும் கைக்குத் தெரியாது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிகளோ, ‘விண்டேஜ்’ பதிவு பெறும் வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. அத்தகைய வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்கு வைப்பதா, கடைத்தெருவுக்கு ஓட்டுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நண்பர் இரண்டாவதைத் தேர்ந்தார்; மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவித்தார்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆளற்ற சாலையில் ஒரு சோதனை செய்தோம். மெதுவாகச் செல்கையில் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நண்பரைத் திருப்பச் சொன்னேன். ஓய்ந்த மோட்டாரையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருந்ததால், முன்னைவிடச் சற்றுக் கனமாகவே இருந்தது. ஆயினும் இரு கைகளாலும் திருப்பி ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அது முடியாமற்போயிருந்தால் மோட்டாரைக் கழற்றிவிடுவது என்று முன்னமே பேசி வைத்திருந்தோம்.

வீடு திரும்பியபோது அவருடைய மனைவி வாசலில் நின்றிருந்தார். நண்பர் சந்துக்குள் பின்புறமாக வந்து, ஒரே வளைவில் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினார். அம்மையார் சுவருக்கும் வண்டிக்கும் இடையிலிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். “காப்பி கலக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.