18 வயசு, ஒரு ஸ்கூட்டி, ஒரு காப்புறுதிப் பத்திரம்: இதெல்லாம் தெரியுமா?

உலகத்தின் முதல் மோட்டார் சைக்கிளை வீதியில் ஓட்டிப் பார்த்தவர் யார் தெரியுமா? மீசை அரும்பாத ஒரு பையன்! 1885 நவம்பரில், ஜெர்மனியின் கான்ஸ்டாட்டிலிருந்து பக்கத்து ஊருக்கு அந்த மரச்சட்ட வண்டியை ஓட்டிப்போனவர், அதை உருவாக்கிய கொட்லிப் டைம்லரின் மகன் பவுல். அப்போது அவருக்கு வயது 16. வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர்தான். ஆனால் போகிற வழியில், எஞ்சினின் சூட்டில் அவர் உட்கார்ந்திருந்த இருக்கையே தீப்பிடித்துக்கொண்டதாம்! முதல் ஓட்டத்திலேயே 'கிளெய்ம்' போடவேண்டிய சம்பவம். போடுவதற்குத்தான் காப்புறுதி இருக்கவில்லை.

அதே பவுல் இன்றைக்கு வெள்ளவத்தை காலி வீதியில் வண்டியை எடுத்தால், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைச் சந்தி தாண்டுவதற்குள் பொலிஸார் கையைக் காட்டி நிறுத்தியிருப்பார்கள். இலங்கையில் மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கு 18 வயது நிறையவேண்டும். இங்கிலாந்திலோ, 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி கார் ஓட்ட 17 வயது வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓட்ட 14 வயதே போதும்! 1930இல் வந்த சட்டம்தான் அதை 16 ஆக்கியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம். அதுவரை கார்களுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வேகக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அதே சட்டம்தான். எவ்வளவு வேகமாகவும் போ, இடித்தால் கொடுக்கக் காசு இருக்கட்டும் என்கிற வெள்ளைக்காரக் கணக்கு! நம் நாட்டில் அந்தக் கட்டாயம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

சரி, ஏ/எல் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகன் பைக் கேட்கிறான். 'இந்த வயசுப் பிள்ளைக்கு இன்சூரன்ஸ் எக்கச்சக்கமாக வருமே' என்று அம்மாவுக்குக் கவலை. லண்டனில் இருக்கும் மாமா தொலைபேசியில் சொன்ன கதை அப்படி. அது பொய்யல்ல. ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ 17 வயதுப் பையன் ஒரு 125 சிசி வண்டிக்குக் காப்புறுதி கேட்டால், வயது, தபால் குறியீடு, இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறாய் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சில வேளை பழைய வண்டியின் விலையையே நெருங்குகிற தொகையைச் சொல்வார்கள்.

ஆனால் தெரியுமா? நம் ஊரில் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கான கட்டுப்பணம் ஆளைப் பார்த்து வருவதில்லை, வாகனத்தின் வகையைப் பார்த்து வருகிறது! ஓட்டுகிறவருக்கு 18 வயதா 58 வயதா என்பது அந்தக் கணக்கில் பெரிதாக ஏறாது. தமிழ்நாட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே மூன்றாம் தரப்புக் கட்டணத்தை அரசே எஞ்சின் அளவை வைத்து நிர்ணயிக்கிறது. 2022 பட்டியலில் 75 முதல் 150 சிசி வரையான இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 இந்திய ரூபாய். பேரனுக்கும் அதே, தாத்தாவுக்கும் அதே!

பெண்பிள்ளைகள் கவனமாக ஓட்டுகிறார்கள் என்று ஐரோப்பாவில் அவர்களுக்குக் குறைந்த கட்டணம் வாங்கினார்கள். 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்புச் சொல்ல, 2012 டிசம்பர் 21 முதல் அந்தச் சலுகை போனது. கவனமாக ஓட்டியதற்குக் கிடைத்த பரிசு!

இனி நம் விஷயத்துக்கு வருவோம். முகவர் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, ஃபுல் போடுவமா, தேர்ட் பார்ட்டி போதுமா?" தேர்ட் பார்ட்டி மலிவு, உண்மை. ஆனால் அது நீங்கள் இடித்தவருக்கான காப்புறுதி. ஹம்டன் லேன் திருப்பத்தில் நீங்களே சறுக்கி விழுந்தால் உங்கள் வண்டிக்கும் ஒரு சதம் வராது, உங்கள் முழங்காலுக்கும் வராது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்துகளில் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்டோர் உயிரிழக்கும் நாட்டில் மிகப் பெரிய பங்கு மோட்டார் சைக்கிள்களில் போகிறவர்களுடையது. ஆகவே தேர்ட் பார்ட்டிதான் போடுவது என்றால், ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதியையும், பின்னால் இருப்பவருக்கு என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். லீசிங்கில் எடுத்த வண்டிக்கு இந்தத் தெரிவே கிடையாது. காசு கொடுத்த நிறுவனம் ஃபுல் போடச் சொல்லும். அவர்கள் காட்டும் கொம்பனியில்தான் போடவேண்டுமா என்று கேட்டுப்பார்க்கிறவர்கள் குறைவு, கேளுங்கள்.

லைசன்ஸில் ஒரு வேடிக்கை தெரியுமா? 'ஏ1' என்ற பிரிவு 100 சிசி வரைக்கும்தான். கொழும்பில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படும் ஹொண்டா டியோ 109 சிசி! அந்த ஒன்பது சிசிக்காக 'ஏ' பிரிவு வேண்டும். காப்புறுதிப் பத்திரத்திலோ, அந்த வாகனத்துக்குச் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஓட்டவேண்டும் என்று எழுதியிருக்கும். நுகேகொடையில் மருத்துவச் சான்றிதழ் எடுத்து, வேரஹெரவுக்கு அலைந்து லைசன்ஸ் எடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொண்டால் பிறகு தலையிடி இல்லை.

17 வயதுத் தம்பியிடம் 'சும்மா கடைக்குத்தானே' என்று சாவியைக் கொடுக்கும் அண்ணன்மார் கவனிக்க: 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி 25,000 ரூபா தண்டப்பணம் என்று அறிவித்த ஏழு குற்றங்களில், காப்புறுதியின்றி ஓட்டுவதும் உண்டு, லைசன்ஸ் இல்லாதவரை ஓட்டவைப்பதும் உண்டு. இந்தியாவில் 2019 திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது. சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது!

அடுத்தது பலரும் விழும் குழி: 'ஓபன் பேப்பர்'. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி ஐந்து கை மாறும், பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருக்கும். கொட்டாஞ்சேனையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் பைக்கின் காப்புறுதி யாரோ ஒருவரின் பெயரில் இருந்தால், விபத்தன்று அந்தக் காகிதத்தை வைத்து விசிறலாம். உடைமை மாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். காப்புறுதியையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். புதிய பத்திரத்துக்குப் போகும் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுப்பதை விடவும் செலவு கூடிய சிக்கனம் வேறில்லை.

பெறுமதியை எவ்வளவு என்று எழுதுகிறீர்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியை வாங்கிய விலையை விடக் கூட்டி விற்ற அதிசயத்தை நாமே பார்த்தோம்! ஆனால் கட்டுப்பணம் குறையட்டும் என்று பழைய பெறுமதியையே எழுதிக்கொண்டு போனவர்கள் பலர். ஆறு லட்சம் பெறுமதியான வண்டியை மூன்று லட்சம் என்று எழுதினால், 60,000 ரூபா சேதத்துக்கு 30,000தான் தருவோம் என்று சொல்ல பத்திரத்தில் இடம் இருக்கும். பாதி மறைத்தால் பாதிதான்.

இப்போது உண்மையான மலிவு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். நோ கிளெய்ம் போனஸ்! கிளெய்ம் கேட்காமல் கழிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஃபுல் காப்புறுதிக் கட்டுப்பணத்தில் ஒரு பங்கு கழியும். தமிழ்நாட்டில் அது முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை போகிறது. ஒரு கிளெய்ம் போட்டால் திரும்பப் பூச்சியம். இங்கே படிகள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், சூத்திரம் அதுதான். இந்தச் சலுகை வண்டியோடு போவதில்லை, காப்புறுதி எடுத்தவரோடு போகிறது. கொம்பனி மாறினாலும் ஒரு கடிதத்தோடு கூடவே வரும். அதனால்தான் 18 வயதுக்காரர் தன் பெயரிலேயே தொடங்குவது நல்லது என்பேன். அப்பாவின் பெயரில் போட்டால் வளர்வது அப்பாவின் போனஸ், மகன் 25 வயதில் கார் வாங்கும்போது மறுபடியும் முதல் படி. போதாததற்கு, மகன் இடித்தால் சரிவதும் அப்பாவின் போனஸ்! லண்டனில் மகனுடைய வண்டியை 'நான்தான் பிரதானமாக ஓட்டுகிறேன்' என்று அப்பா எழுதிக்கொடுப்பது மோசடி என்றே கணக்கு. அவ்வளவு பேர் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இண்டிகேட்டர் உடைந்ததற்கெல்லாம் கிளெய்ம் போடாமல் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினால், அடுத்த ஆண்டுக் கட்டுப்பணம் அதைத் திருப்பித் தந்துவிடும்.

மாலையில் பிக்மீ, ஊபர் ஈட்ஸ் உணவுப் பொதி கொண்டு ஓடும் தம்பிமாரே, சொந்தப் பாவனைக்கு என்று எடுத்த பத்திரம் கூலி ஓட்டத்தில் நடக்கும் விபத்தை ஏற்காமல் விடலாம். எடுக்கும்போதே சொல்லி எழுதுவியுங்கள். கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இனிச் சொல்வது வெள்ளவத்தைக்காரர்கள் எல்லாரும் அறியவேண்டியது. உங்கள் காப்புறுதிக் கணக்குச் சீட்டில் சின்ன எழுத்தில் 'எஸ்ஆர்சிசி' என்று ஒரு வரி வருகிறதே, என்ன தெரியுமா? வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கான காப்பு. பயங்கரவாதத்துக்கானது அதற்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரணக் காப்புறுதி இவற்றை ஏற்பதில்லை. 1983 ஜூலையில் இந்த வீதிகளிலேயே தமிழர்களின் கடைகளும் வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. அதற்குப் பிறகு வெளிநாட்டு மறுகாப்புறுதிக் கொம்பனிகள் இலங்கையின் கலவர ஆபத்தைச் சுமக்கப் பின்வாங்க, 1987இல் அரசே ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. இப்போது அதைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. நேற்றுப் பிறந்த ஸ்கூட்டிக்காரரும் அந்த ஜூலைக்கு ஒரு சிறு தொகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மலிவாக்குகிறேன் என்று அந்த வரியை வெட்டச் சொல்லும் முகவர் இருந்தால், நான் வெட்டமாட்டேன்.

விலை கேட்டு அலைவதற்கும் ஒரு வரலாறு உண்டு! 1964 முதல் இலங்கையில் பொதுக் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் ஏகபோகம். பேரம் பேச இரண்டாவது கடை இல்லை. 1980இல் இரண்டாவது வந்தது, அதுவும் அரசினுடையது. தனியார் கொம்பனிகள் உள்ளே வந்தது 1980களின் கடைசியில்தான். இன்று பத்துக்கு மேற்பட்ட கொம்பனிகள். ஒரு பிற்பகலில் நான்கு இடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் நான்கு விலை சொல்வார்கள். விலையோடு இதையும் கேளுங்கள்: சேதத்தில் முதல் எவ்வளவு என் தலையில்? அனுபவம் குறைந்த ஓட்டுநர் என்றால் அது கூடுமா? விபத்து நடந்த இடத்துக்கே உங்கள் ஆள் வருவாரா?

காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். பிறகு ஒருநாள் கிளெய்மைக் கொம்பனி மறுத்து, பேசிப்பார்த்தும் சரிவராவிட்டால், 2005 முதல் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் முறையிட ஒரு சதமும் செலவில்லை. முதலில் கொம்பனிக்கே எழுத்தில் முறையிட்டிருக்கவேண்டும், அதன் பிரதி கையில் இருக்கவேண்டும்.