மரமேறும் கருவிக்கும் நிழல் வேண்டும்

கோடை நண்பகலில் தென்னந்தோப்புகளுக்குச் சென்றால், மரமேறுவோர் நிழலில் இளைப்பாற, அவர்களுடைய கருவிகள் வெயிலில் கிடப்பதைக் காண்கிறோம். ஆளுக்கு நிழல் தேடும் நாம், அவர் உயிரைத் தாங்கும் பெல்ட்டுக்கும் நிழல் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பனையேறிகளின் தளைநார் தேய்ந்தால் பிசிறு எழும், கண்டவுடன் அறியலாம். இன்றோ இரும்புச் சட்டமும் கம்பி வடமும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட ஏறும் கருவியும், நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையால் நெய்த பாதுகாப்புப் பெல்ட்டும் வழக்கில் வந்துள்ளன. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியும் இவற்றைப் பரப்பியது. ஆனால் இவ்விழைகள் வலுவிழந்தாலும் அது எப்போதும் வெளியே தெரிவதில்லை.

நைலான் உருகுவதற்கு ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறமே 60, 70 டிகிரிதான் எட்டும். ஆகவே தகரக் கொட்டகையில் வைத்த பெல்ட்டு உருகிவிடாது என்பது மெய்யே. அதைக் கொண்டு கவலையில்லை என்று சிலர் கூறுவதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. நேர் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இழையை நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கின்றன. நிறம் வெளுப்பதும் துணி விறைப்பதும் அதன் அறிகுறிகள். கருவியை மோட்டார் சைக்கிளில் கட்டிச் செல்லும்போது பெல்ட்டோ கயிறோ புகைக்குழாயில் படுவது இன்னும் கொடிது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு 160 டிகிரி அளவிலேயே உருகும். அக்கயிற்றை நம்பி ஏறவே கூடாது.

கொட்டகையில் வெப்பத்தைவிட அண்டைப் பொருள்களுக்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும். டிராக்டர் பாட்டரியின் அமிலம் நைலானை அழிக்கும்; துளி பட்ட இடம் பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும். பதநீர்க் கலயத்துக்குரிய சுண்ணாம்பு காரத்தன்மை உடையது; பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது. எந்த இழை என்பது பெல்ட்டில் தைத்த சீட்டில் இருக்கும். சீட்டு அழிந்திருந்தால் இரண்டிலிருந்தும் விலக்கி வைப்பதே தக்கது. உர மூட்டையின் ஈரம் கம்பி வடத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். டீசலும் எண்ணெயும் ரப்பர்ப் பட்டையைக் கெடுக்கும். கோடை வெப்பத்தில் அது விரைவாக இறுகி வெடிக்கும்.

ஆதலால் ஓட்டு வீட்டின் உட்சுவரில் மர முளை அடித்து, பெல்ட்டைப் பருத்திப் பையிலிட்டுத் தொங்கவிடலாம். எலி எட்டாத உயரம் வேண்டும். வியர்வை படிந்ததை மென்மையான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்திய பின்னரே பையில் இட வேண்டும்.

பஞ்சாயத்தின் பொதுக் கருவியாயின், தயாரித்த தேதி, வாங்கிய தேதி, சோதித்த தேதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் 10 ஆண்டுக்கு மேல் இழைப் பெல்ட்டைப் பயன்படுத்தலாகாது என்பது தயாரிப்பாளர் பலரின் விதி. கழித்த பெல்ட்டை மாடு கட்டவாவது உதவட்டும் என்று விட்டுவைத்தால், ஓர் அவசர நாளில் அதுவே மீண்டும் மரமேறிவிடும். கழித்த அன்றே அதை இரண்டாக வெட்டிவிட வேண்டும்.