பாலைவனச் சுனையில் வாழும் அரிய மீன்

மீன் என்றவுடன் கடலும் ஆறும் குளமும் நம் நினைவுக்கு வருகின்றன. பாலைவனத்திலும் மீன் வாழ்கிறது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு மேற்கே, ஆஷ் மெடோஸ் என்னும் இடம் உள்ளது. சுற்றிலும் வறண்ட மலைகள். நடுவே தெளிந்த ஊற்றுகள். உலகில் வேறெங்கும் காணப்படாத செடிகளும் உயிர்களும் அங்கே 20-க்கு மேல் உள்ளன. 1984-ஆம் ஆண்டில் அவ்விடம் வனவிலங்குக் காப்பகமாக அமைக்கப்பட்டது.

அங்கே பாறைப் பிளவு ஒன்றில் 'டெவில்ஸ் ஹோல்' என்னும் ஆழமான சுனை இருக்கிறது. அதன் அடியை இதுவரை எவரும் கண்டதில்லை. அதன் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் இருக்கும். அந்நீரில் 'பப்ஃபிஷ்' எனப்படும் சின்னஞ்சிறு நீல மீன்கள் வாழ்கின்றன. குட்டிநாய்களைப் போலத் துள்ளி விளையாடுவதால் இப்பெயர் வந்தது. இம்மீனின் நீளம் 2.5 சென்டிமீட்டர் அளவே. சுனையின் ஓரத்தில், நீருக்குச் சற்றுக் கீழே உள்ள சிறிய பாறைத் தட்டின்மீதுதான் இம்மீன்கள் பாசியை உண்டு முட்டையிடுகின்றன. நமது வகுப்பறையைவிடச் சிறிய அத்தட்டை நம்பியே ஓர் இனம் முழுவதும் உயிர் வாழ்கிறது.

சுனைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மலைகளில் பெய்த மழையும் பனியும் நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகள் வழியே மெல்ல நகர்ந்து, இங்கே மேலே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த நிலத்தடி நீரே ஆஷ் மெடோஸின் உயிர்நாடியாகும்.

இனி, சுரங்க ஆய்வு என்றால் என்ன என்று பார்ப்போம். கைப்பேசி, மின்சாரக் கார் ஆகியவற்றின் மின்கலங்களுக்கு லித்தியம் என்னும் உலோகம் தேவைப்படுகிறது. அது நிலத்தடியில் எவ்வளவு உள்ளது என்று அறிய, சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே இயந்திரங்களால் ஆழமான துளைகள் இடுவார்கள். துளையின் வாய் சிறியதுதான். ஆனால் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் நடுவில் ஓர் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? நீர் அங்கே பீறிடும். குழாயின் நுனியில் வரும் நீர் வலுவிழக்கும். அழுத்தத்தோடு ஓடும் நிலத்தடி நீரை ஒரு துளை தொட்டால், ஊற்றுகளுக்கும் அந்நிலை நேரக்கூடும்.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1968-ஆம் ஆண்டு முதல் அருகிலிருந்த பண்ணை ஒன்று கிணறுகள் தோண்டிப் பாசனத்திற்கு நீர் இறைத்தது. அதனால் சுனையின் நீர்மட்டம் தாழ்ந்தது. பாறைத் தட்டின் ஒரு பகுதி நீருக்கு வெளியே தெரிந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மீன்களுக்குத் தேவையான நீர்மட்டம் காக்கப்பட வேண்டும் என்று 1976-இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. விரலளவு மீனுக்காக நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே குரல் கொடுத்தது!

2023-ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் ஆபத்து எழுந்தது. காப்பகத்தின் அருகே லித்தியம் தேடி, 30 துளைகள் வரை இட ஒரு நிறுவனம் முன்வந்தது. 5 ஏக்கருக்கு மேற்படாத நிலத்தில் செய்யும் ஆய்வுக்கு, அறிவிப்புக் கொடுத்தாலே போதும் என்பது அங்குள்ள விதி. ஆகவே முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு எதுவும் நடைபெறவில்லை. பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு சூலை மாதத்தில் அரசாங்கத்தின் நிலத்துறை தான் அளித்த இசைவைத் திரும்பப் பெற்றது.

சில துளைகளுக்காக இத்தனை கவலையா என்று சிலர் கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 191 மீன்கள் எண்ணப்பட்டன. பின்னர் ஏற்பட்ட நிலநடுக்கங்களால் நீர் அலைமோதி, தட்டிலிருந்த பாசியையும் முட்டைகளையும் அடித்துச் சென்றது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எஞ்சியவை 38 மட்டுமே! நிலநடுக்கத்தை மனிதனால் தடுக்க இயலாது. துளையிடுவதோ மனிதனின் செயல். அதை எண்ணிப் பார்த்துச் செய்ய இயலும்.

லித்தியமும் மக்களுக்குத் தேவைதான். ஆகவே, துளையிடுமுன் நிலத்தடி நீர் செல்லும் வழியை ஆராய வேண்டும். ஊற்றுகளுக்கு அருகே துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். வேறிடங்களில் இடும் துளைகளையும் வேலை முடிந்தவுடன் நன்கு அடைத்து, நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து வர வேண்டும். அறிவியலார் இம்மீன்களைப் பெரிய தொட்டியொன்றிலும் வளர்த்து வருகின்றனர். ஆயினும் தொட்டி என்பது ஆபத்துக்கு உதவும் துணையே தவிர, சுனைக்கு ஈடாகாது.

கனிமத்தை வேறிடத்திலும் தேடலாம். இம்மீனுக்கோ இந்த ஒரு சுனையைத் தவிர வேறு இயற்கையான வீடு இல்லை. நிலத்தைத் துளைத்த பிறகு வருந்துவதைவிட, துளைக்கும் முன் சிந்திப்பதே அறிவுடைமை. திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார் வள்ளுவர். நீரின் அருமையை இளமையிலேயே உணர்ந்து, அதனை நம்பி வாழும் எளிய உயிர்களையும் நாம் போற்றிக் காப்போமாக!