புற்றுநோய்க்குப் பின்னும் வாழ்வுண்டு

பெயரைச் சொல்லவே மனிதர் அஞ்சும் நோய் ஒன்று உண்டு. அதுவே புற்றுநோய். அதிலும் பெண்களின் மார்பகத்தில் தோன்றும் புற்றுநோய் என்றால், அச்சத்தோடு நாணமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நாங்கள் அருகில் சென்றால் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இன்று இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் இதுவே. ஆகவே இதனைப் பற்றி அறிந்துகொள்வது பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கும் கடமையாகும்.

இவ்வாண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அன்னைக்கு இந்நோய் கண்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த அறிக்கையில், அக்குளிலிருந்து எடுத்த 14 கணுக்களில் 3 கணுக்களில் புற்று இருந்ததாக எழுதப்பட்டிருந்தது. “கணுவுக்குப் போயிடுச்சாம், இனிமே அவ்வளவுதான்” என்று உறவினர் ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. மறுநாள் அவள் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. “அம்மா எத்தனை நாள் இருப்பாங்க?” எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரியின் துணையுடன் தேடிப் படித்தோம். படித்து அறிந்தவற்றை, தோழியின் சம்மதத்தோடும் அவள் அன்னையின் சம்மதத்தோடும் இங்கே எழுதுகிறோம்.

கணு என்பது யாது?

நம் உடலில் இரத்தம் ஓடுவதை அனைவரும் அறிவோம். இரத்தக் குழாய்களைப் போலவே மெல்லிய நிணநீர்க் குழாய்களும் உடலெங்கும் பரவியுள்ளன. அக்குழாய்களின் வழியில் மொச்சைக் கொட்டை போன்ற சிறு கணுக்கள் ஆங்காங்கே அமைந்துள்ளன. நிணநீரை வடிகட்டி, அதில் வரும் கிருமிகளைத் தடுப்பது இவற்றின் வேலை. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று பாட்டி சொல்வார்களே, அந்த நெறிதான் வீங்கிய நிணநீர்க் கணு.

மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளை நோக்கியே செல்கிறது. அங்கே ஏறத்தாழ 20 முதல் 30 கணுக்கள் உள்ளன. மார்பகக் கட்டியிலிருந்து பிரிந்த புற்றுச் செல்கள் பெரும்பாலும் முதலில் சிக்குவது இச்சாவடியிலேதான். ஆகவே மருத்துவர்கள் கணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எத்தனை கணுக்களில் புற்று இருக்கிறது என்று எண்ணி, 1 முதல் 3 வரை, 4 முதல் 9 வரை, 10-ம் அதற்கு மேலும் என்று வகுக்கிறார்கள். எண்ணிக்கை கூடக் கூட அபாயமும் கூடும்.

ஆனால் ஒன்றை நாம் தெளிவாக உணர வேண்டும். அக்குள் கணுவில் புற்று இருப்பது வேறு; எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகிய தொலை உறுப்புகளில் அது வேரூன்றியிருப்பது வேறு. முன்னதைக் குணப்படுத்த முடியும் என்ற நோக்கத்துடனேயே இன்று மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். எங்கள் தோழியின் உறவினர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார்.

மிலான் நகரம் தந்த விடை

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நோய்க்கு அறுவையே முதன்மையான சிகிச்சையாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறைப்படி, மார்பகம், அதன் கீழுள்ள தசை, அக்குள் கணுக்கள் அனைத்தையும் அகற்றினார்கள். அவ்வளவு செய்தும், கணுவில் புற்று இருந்த பெண்கள் பலருக்குச் சில ஆண்டுகளில் நோய் திரும்பியது. ஏன்? கத்தி படுவதற்கு முன்பே, கண்ணுக்குப் புலப்படாத சில செல்கள் இரத்தத்தின் வழியே வேறிடம் சென்றிருந்தன. கத்தி எட்டாத இடத்தை எட்டுவது மருந்து ஒன்றே அன்றோ?

இதனைச் சோதித்தவருள் ஒருவர், இத்தாலி நாட்டு மிலான் நகரின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் பணியாற்றிய ஜியான்னி பொனடோன்னா. 1973-ஆம் ஆண்டில் அவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அதில் சேர்ந்தவர்கள் 386 பெண்கள். அனைவருக்கும் அறுவை முடிந்திருந்தது. அனைவருக்கும் கணுவில் புற்று இருந்தது. அவர்களுள் 179 பேருக்கு அறுவையோடு நிறுத்திக்கொண்டார்கள். எஞ்சிய 207 பேருக்குச் சைக்ளோபாஸ்பமைடு, மெதோட்ரெக்சேட், ஃப்ளூரோயூராசில் என்னும் மூன்று மருந்துகளைச் சேர்த்து மாதந்தோறும் 12 சுற்றுகள் கொடுத்தார்கள். யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது.

1976-ஆம் ஆண்டில் வெளியான முதல் முடிவே, மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்ததைக் காட்டியது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. அப்பெண்களை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்து, 20 ஆண்டு முடிவுகளை 1995-லும், ஏறத்தாழ 30 ஆண்டு முடிவுகளை 2005-லும் வெளியிட்டார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மருந்தின் பயன் மறையவில்லை. மருந்து பெற்றோரிடையே இறப்பு அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தே இருந்தது. பொனடோன்னாவையே 1995-ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கியது. ஆயினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 2015-ஆம் ஆண்டில் காலமானார்.

மருந்து பெறாத அந்த 179 பெண்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர்களோடு ஒப்பிட்டதால்தான் மருந்தின் பயன் உலகுக்குத் தெரிந்தது.

பின்னர் வந்த துணைகள்

மார்பகப் புற்றுகள் பலவற்றுக்குப் பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜன் உரமாக அமைகிறது. அதன் வேலையைத் தடுப்பது டமாக்சிஃபென் என்னும் மாத்திரை. 1960-களில் இங்கிலாந்தில் கருத்தடைக்காக உருவாக்கப்பட்ட இம்மருந்து, அதற்குப் பயன்படாமல் போய், புற்றுநோய்க்குப் பயன்பட்டது. ஹார்மோனால் வளரும் புற்றுள்ளவர்கள் இதனை ஐந்தாண்டுகள் தவறாது உட்கொண்டால், முதல் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புற்றுச் செல்லின் மேல் ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்திருக்கும். இவ்வகை ஒரு காலத்தில் மிகவும் அஞ்சப்பட்டது. 1998-ஆம் ஆண்டில் இதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கணுவில் பரவியவர்களுக்கு அறுவையை ஒட்டிக் கொடுக்க 2006-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. இன்று மருத்துவர்கள் கணுவை எண்ணுவதோடு புற்றின் இயல்பையும் சோதித்து, அவரவருக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எண்களை எவ்வாறு படிப்பது?

கணிதப் பாடத்தில் ‘இடைநிலை அளவு’ என்று படிக்கிறோம். பாதிப் பேர் அதற்குக் கீழ், பாதிப் பேர் அதற்கு மேல். ஸ்டீபன் ஜே கோல்ட் என்ற அமெரிக்க அறிஞருக்கு 1982-ஆம் ஆண்டில் வேறொரு கொடிய புற்றுநோய் வந்தது. அந்நோயாளிகள் உயிர்வாழும் இடைநிலைக் காலம் எட்டு மாதம் என்று நூல்களில் கண்டார். ‘எட்டு மாதத்தில் நான் இறப்பேன்’ என்று அவர் எண்ணவில்லை. ‘பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள்’ என்று எண்ணினார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002-ஆம் ஆண்டில்தான் மறைந்தார்.

மார்பகப் புற்றுநோய்க்கும் இவ்வாறே எண்களை முழுமையாகப் படிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, ஹார்மோனால் வளரும் புற்றுள்ள 62,923 பெண்களைப் பற்றியது. அவர்கள் ஐந்தாண்டுகள் மாத்திரை உட்கொண்டு, நோயின்றி இருந்தவர்கள். அவர்களுள் சிறு கட்டியும் 1 முதல் 3 கணுக்களில் புற்றும் இருந்தவர்களை எடுத்துக்கொண்டால், 5-ஆம் ஆண்டிலிருந்து 20-ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 20 பேருக்குத் தொலை உறுப்பில் நோய் திரும்பக்கூடும் என்று கண்டார்கள். 4 முதல் 9 கணுக்களாயின் நூற்றுக்கு 34 பேர். ஐந்தாண்டு கடந்ததும் கவனத்தைக் கைவிடலாகாது என்பதை இது உணர்த்துகிறது. அதே கணக்கை மறுபுறம் நின்று பாருங்கள். முதல் வகையில் 80 பேருக்கும், இரண்டாம் வகையில் 66 பேருக்கும் அவ்வாறு திரும்பவில்லை!

இன்னொன்றும் உண்டு. ஒரு பெண் 20 ஆண்டுகள் வாழ்ந்தாள் என்று எழுத வேண்டுமானால், அவள் 20 ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். ஆகவே நீண்ட காலக் கணக்குகள் யாவும் பழைய மருந்துகளின் கணக்குகளே. இன்று சிகிச்சை தொடங்கும் அன்னைக்கு அதைவிட நல்ல மருந்துகள் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2023-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அக்குள் கணுவில் பரவியிருந்தவர்களும் அதில் அடங்குவர். ஐந்தாண்டுகளுக்குள் இந்நோயால் இறக்கும் அபாயம், 1993 முதல் 1999 வரை நோய் கண்டவர்களுக்கு நூற்றுக்கு 14.4 ஆக இருந்தது. 2010 முதல் 2015 வரை நோய் கண்டவர்களுக்கு அது 4.9 ஆகக் குறைந்தது.

எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நாங்கள் எழுதவில்லை. சிலர் எல்லாச் சிகிச்சையும் பெற்றும் இறக்கிறார்கள். அது அவர்கள் குற்றமும் அன்று, அவர்கள் மன உறுதியின் குறைவும் அன்று. பொய்யான ஆறுதலை நோயாளி எளிதில் கண்டுகொள்வார். உண்மையின் மேல் எழுப்பிய நம்பிக்கையே நிலைத்து நிற்கும்.

நம் நாட்டின் நிலை

2010 முதல் 2014 வரை நோய் கண்ட பெண்களுள் ஐந்தாண்டுகள் உயிர் வாழ்வோர் அமெரிக்காவில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர். இந்தியாவில் 66 பேர். இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம், நம் பெண்கள் காலம் தாழ்த்தி வருவதே. வறுமை ஒரு தடை. தொலைவு ஒரு தடை. நாணம் மற்றொரு தடை.

வறுமைத் தடையை அகற்ற நம் மண்ணிலேயே பெண்கள் உழைத்திருக்கிறார்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதில் 1955-ஆம் ஆண்டில் சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள், 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை ஏழைகளுக்காகவே வாழ்ந்தார். 2005-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். இன்று அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவும் ஏழை எளியோர் சிகிச்சை பெறுகின்றனர்.

நாணத்தை அகற்ற வேண்டியவர்கள் நாமே. பிப்ரவரி 5-ஆம் நாள் திருச்சபை புனித ஆகத்தாவை நினைவுகூர்கிறது. சிசிலித் தீவில் 3-ஆம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காக மார்பகம் அறுக்கப்பட்டு வேதசாட்சியாக உயிர்நீத்தவர் அவர். மார்பக நோயாளிகளின் பாதுகாவலி என்று திருச்சபை அவரைப் போற்றுகிறது. பீடத்தில் வைத்துப் போற்றும் புனிதையின் வரலாற்றிலேயே கூசாமல் சொல்லப்படும் உறுப்பை, மருத்துவரிடம் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி அல்லது சுருக்கம், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. கட்டிகளில் பல புற்றே அல்ல என்பதும் ஆறுதலான செய்தி. இந்நோய் தொற்று நோய் அன்று. நோயாளியின் தட்டிலும் பாயிலும் பேதம் பார்ப்பது அறியாமை.

நம் கடமை

மருந்தேற்றும் நாட்களில் அன்னைக்கு வாந்தியும் சோர்வும் வரும். முடி உதிரும், பெரும்பாலும் மீண்டும் வளரும். அப்போது சமையலிலும் துவைப்பதிலும் நாம் கைகொடுக்கலாம். கணுக்கள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கை வீங்கக்கூடும் என்பதால், மருத்துவமனையில் சொல்லித் தந்த கைப்பயிற்சியை நாள்தோறும் நினைவூட்டலாம். ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ உட்கொள்ள வேண்டிய மாத்திரையை இரவு செபத்துக்குப் பின் தண்ணீரோடு எடுத்துக் கொடுக்கலாம். பரிசோதனைக்குச் செல்லும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைக்கலாம்.

அக்டோபர் மாதம் நமக்குச் செபமாலை மாதம். உலகெங்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமும் அதுவே. அம்மாதத்தில் செபமாலை சொல்லும்போது நோயுற்ற அன்னையரை நினைத்துக்கொள்வோம். செபம் முடிந்ததும், இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு மாணவியும் இப்பக்கங்களைத் தன் அன்னைக்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் வாசித்துக் காட்டுவாளாக. கேட்ட பின் அவர்களுள் ஒருவர், “எனக்கும் ஒரு கட்டி இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை” என்று வாய் திறந்தால், மறுநாளே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு