நெஞ்சைப் பார்க்கையில் மனதையும் பார்ப்போம்

எங்கள் மறிச்சுக்கட்டியில் "நெஞ்சு பதறுது" என்று சொல்லாத உம்மாமார் குறைவு. அது இருதயமா, மனமா? இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்பதை என் உம்மாவின் நோயில்தான் அறிந்தேன்.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் போனோம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே ஊர் திரும்பினோம். பிறகு உம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. உயிர் தப்பியவர் குளிசைகளை ஒழுங்காகப் போடவில்லை. "இனி என்னத்துக்கு?" என்பார். கிளினிக்கில் ஒரு தாதி அவரிடம் ஒன்பது கேள்விகள் கேட்டார்.

கடந்த இரண்டு கிழமைகளில் எத்தனை நாள் கவலையாக இருந்தீர்கள்? எதிலும் விருப்பமில்லையா? நித்திரை, பசி எப்படி? இப்படியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியர் மேலும் விசாரிப்பார். புள்ளி மட்டுமே நோயைத் தீர்மானிக்காது.

ஆனால் களைப்பும் நித்திரையின்மையும் இருதய நோயாலும் வரும். ஆகவே 1983இல் ஸிக்மன்ட், ஸ்னெய்த் என்ற வைத்தியர்கள் உடல் அறிகுறிகளைத் தவிர்த்து வேறொரு அளவுகோலை உருவாக்கினர். அதில் பதட்டத்துக்கு ஏழு கேள்விகள், மனச்சோர்வுக்கு ஏழு.

புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 முஸ்லிம்களிடம் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளியானது. அவர்களில் 18.8 வீதமானோருக்குப் பொதுவான உளநோய்கள் இருந்தன. அதிகம் காணப்பட்டது, மனத்துயர் உடல்வலியாக வெளிப்படும் நிலையே.

மனம் சோர்ந்தவர் மருந்தை விடுவார், நடக்கமாட்டார், சாப்பாட்டைக் கவனிக்கமாட்டார். இதனால் இருதயம் மேலும் கெடும். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வை ஓர் ஆபத்துக் காரணியாகக் கொள்ளவேண்டும் என அமெரிக்க இருதயச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது.

உம்மாவுக்கு மனநல வைத்தியரின் மருந்தும், மனம்விட்டுப் பேச ஆளும் கிடைத்தன. இப்போது குளிசையைத் தானே கேட்டு வாங்குகிறார்.

சகோதரிகளே, இந்தக் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். இது பைத்தியமல்ல. யாரும் கேட்காவிட்டால் நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள். திடீரென நெஞ்சு வலித்தால், "மனக்கவலைதான்" என்று இருந்துவிடாமல் உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 1926க்குப் பேசுங்கள். பிரஷரை அளப்பதுபோலத்தான் இதுவும். அளந்தால்தான் மருந்து தெரியும்.