கணிதத்தில் ‘முதல் ஒரு சதவீதம்’ ஆவது எப்படி?

பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நெருங்கினாலே வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான். “உகப்பாக்கத்திலும் பகுப்பாய்விலும் நூற்றுக்கணக்கில் பேப்பர் போட்டவர், மேற்கோளில் உலகின் முதல் ஒரு சதவீதம் என்கிறார்களே, அப்படியானால் அவர் பெரிய கணித அறிஞரா?” இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

‘ஆய்வின் தாக்கம்’ என்று நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது உண்மையில் மேற்கோள்களின் கூட்டுத்தொகைதான். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள்’ பட்டியல், அந்தந்தத் துறையில், அந்தந்த ஆண்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வரும் கட்டுரைகளை வைத்துத் தயாராகிறது. துறைவாரியாகப் பிரிப்பதில் நியாயம் உண்டு. மருத்துவத்தோடு கணிதத்தை மோதவிட முடியாது.

கோளாறும் அங்கேதான் நுழைகிறது. கணிதம் சிறிய துறை. கட்டுரைகள் மெதுவாக வரும். ஒவ்வொன்றும் காட்டும் மேற்கோள்களும் குறைவு. அதனால் முதல் 1 சதவீதத்துக்கான எல்லை மிகத் தாழ்வாக இருக்கிறது. ஒருவரையொருவர் விடாமல் மேற்கோள் காட்டும் ஒரு சிறு கூட்டம் நினைத்தால் அதைத் தாண்டிவிடலாம். கிளாரிவேட்டின் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழ் என்றால் போதும்; கறாராகப் பரிசோதிக்கும் இதழின் மேற்கோளும், பணம் கட்டியதும் வெளியிடும் இதழின் மேற்கோளும் ஒரே எண்தான். நிலைப்புள்ளித் தேற்றங்கள் போன்ற பிரிவுகளில் இது இன்னும் எளிது. கணிதவியலாளர் பனாக் 1922-இல் வெளியிட்ட நிலைப்புள்ளித் தேற்றத்தின் நிபந்தனையை இம்மியளவு தளர்த்தினால் ஒரு புதுக் கட்டுரை. அதற்கு முந்தைய பத்துக் கட்டுரைகளைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதே பிரிவில் ஆழமான வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை இருவரையும் பிரித்துக் காட்டாது என்பதே என் கவலை.

விளைவு வெளிப்படையாகவே தெரிந்தது. ஸ்பெயினின் வீகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொமிங்கோ தொகாம்போ தரவுகளை ஆராய்ந்தபோது, அதிக மேற்கோள் பெற்ற கணிதக் கட்டுரைகளில் பெயர்பெற்ற கணிதத் துறைகள் பின்தங்கியிருந்தன. கணிதத் துறையே இல்லாத தைவானின் சீன மருத்துவப் பல்கலைக்கழகம் முன்னணியில் இருந்தது. 2023-இல் கிளாரிவேட் தன் பட்டியலிலிருந்து கணிதத்தையே நீக்கியது. தன் அளவுகோல் இந்தத் துறையில் வளைக்கப்பட்டுவிட்டது என்பதற்கு அந்த நிறுவனமே தந்த சான்றாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

மறுபுறம் உகப்பாக்க அறிஞர் யூரி நெஸ்தெரோவைப் பாருங்கள். 1983-இல் சோவியத் அறிவியல் கழக இதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார். சரிவு வழி இறங்கும் பழைய முறையில் நூறு சுற்றுகளுக்குப் பின் பிழை நூறில் ஒரு பங்கு என்ற அளவில் குறையுமானால், அவர் முறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் குறையும். பெக், தெபூல் இருவரும் 2009-இல் இதைப் படங்களைச் சீரமைக்கும் கணக்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இயந்திரக் கற்றல் இதைச் சுவீகரித்துக்கொண்டது. இன்று உகப்பாக்கத்தில் மிக அதிகம் குறிப்பிடப்படும் வேலைகளில் அது ஒன்று. 1985-இல் எந்தத் தேர்வுக் குழுவாவது மேற்கோளை எண்ணி அவரை மதிப்பிட்டிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருக்கும்?

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இதழின் தாக்கக் காரணி? முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கும். கணிதத்தில் 90 சதவீதத்துக்கும் மேலான மேற்கோள்கள் அந்த வரம்புக்கு வெளியே விழுகின்றன என்று சர்வதேச கணித ஒன்றியம் உள்ளிட்ட அமைப்புகள் 2008-லேயே சொல்லிவிட்டன.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச் இண்டெக்ஸ்? ஏறும், இறங்காது.

இதழில் வராத கட்டுரை? அதையும் ஒதுக்க முடியாது. புவான்கரே கருதுகோளுக்குக் கணிதவியலாளர் பெரல்மான் தந்த நிரூபணம் இதழ் எதிலும் வரவில்லை.

வழிகாட்டியைத் தேடும் மாணவர் எதைப் பார்ப்பது? கணிதக் கட்டுரைகளின் தரவுத்தளமான இசட்பி-மேத் தளத்தில் பல கட்டுரைகளுக்கு நிபுணர்களின் மதிப்புரை இருக்கிறது. 2021 முதல் இலவசம்.

தேர்வுக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: விண்ணப்பதாரர் தன் சிறந்த வேலை என்று கருதும் ஐந்து கட்டுரைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பிரிவு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.