அயோவாவில் எழுதப்பட்ட ஜார்ஜியா

எழுதும் கலையை ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க இயலுமா என்ற விவாதம் நம் இலக்கிய வட்டாரங்களில் ஓயாமல் நடந்து வருகிறது. ஆனால் ஊரையும் உற்றாரையும் விட்டுப் பிரயாணம் செய்து, முன்பின் அறியாத மனிதர் நடுவே சில காலம் தங்கி எழுதுவதனால் ஓர் எழுத்தாளனுடைய மனத்தில் என்ன நேர்கிறது என்ற கேள்வியை, அதுவே இரண்டிலும் பெரிய கேள்வி என்பது என் அபிப்பிராயமாயினும், நாம் அபூர்வமாகவே எழுப்புகிறோம்.

அமெரிக்காவில், சோள வயல்கள் சூழ்ந்த அயோவா மாகாணத்தின் சர்வகலாசாலையில் 1936இல் ஆரம்பிக்கப்பட்ட எழுத்தாளர் பட்டறை, உலகமெங்கும் இன்று நடைபெறும் இத்தகைய முயற்சிகளுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்குவது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில், தெற்கே ஜார்ஜியா மாகாணத்தின் மில்லெட்ஜ்வில் என்ற சிற்றூரிலிருந்து, பத்திரிகைத் தொழில் பயில உபகாரச் சம்பளம் பெற்று, இருபது வயதுப் பெண்ணொருத்தி அங்கே வந்து சேர்ந்தாள். பட்டறையின் தலைவரான பால் எங்கிள் என்ற கவிஞரிடம் சென்று அவள் ஏதோ கேட்க, அவளுடைய தென்னாட்டு உச்சரிப்பு அவருக்குச் சற்றும் விளங்காமற்போகவே, சொல்ல விரும்பியதைக் காகிதத்தில் எழுதித் தரும்படி அவர் வேண்டினாராம். தான் பத்திரிகையாளரல்ல என்றும், பட்டறையில் சேர அனுமதி வேண்டும் என்றும் அவள் எழுதிக்கொடுத்தாள். அவள்தான் பிற்காலத்தில் அமெரிக்கச் சிறுகதையின் சிகரங்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட ஃபிளானரி ஓகானர்.

போர்முனையிலிருந்து திரும்பிப் படிக்க வந்திருந்த ஆண்களே பெரும்பான்மையாக இருந்த அந்த வகுப்புகளில் அவர் அதிகம் பேசியதில்லை. அவருடைய கதைகளையே மற்றவர்கள் உரக்கப் படிக்க நேர்ந்ததுண்டு. ஒருவர் எழுதியதை எல்லோருமாக அலசி ஆராய, எழுதியவர் மறுமொழி கூறாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பயிற்சிமுறையைக் கொடுமை என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. சொந்த ஊரில் நம் கதையைப் படிப்பவன் அதற்கு முன்பே நம்மைப் படித்துவிட்டவன். இன்னார் மகள், இன்ன வீதி, இன்ன ஜாதி என்பதெல்லாம் தெரிந்து, கதையில் வரும் மாமி நிஜத்தில் யார் என்று ஊகிப்பதிலேயே பாதிக் கவனத்தைச் செலவிடுபவன். அன்னியர் முன்னிலையிலோ காகிதத்தில் இருப்பது மட்டுமே சாக்ஷி. அங்கே இல்லாததை எந்த விளக்கத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆயினும் வகுப்பைக் காட்டிலும் தூரமே அவருக்குப் பெரிய ஆசானாக இருந்தது என்று கருதுகிறேன். அயோவாவில் இருந்த நாட்களில் அவர் தாயாருக்கு நாள்தோறும் கடிதம் எழுதினார். மாதா கோவிலுக்கு நாள்தோறும் சென்றார். நல்ல எழுத்து தமக்கு வாய்க்கவேண்டும் என்று ஆண்டவனிடம் மன்றாடும் பிரார்த்தனைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். அங்கிருந்தபடி அவர் எழுதி, 1946இல் பிரசுரமான முதல் கதையாகிய 'ஜெரேனியம்', மகளுடன் வசிப்பதற்காக நியூயார்க் நகரத்துக்கு வந்துவிட்ட தென்னாட்டுக் கிழவர் ஒருவர், எதிர்வீட்டு ஜன்னலில் தினமும் வைக்கப்படும் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொந்த மண்ணுக்காக ஏங்குவதைச் சொல்வது. 1947இல் பட்டத்துக்காக அவர் சமர்ப்பித்த ஆறு கதைகளின் தொகுப்புக்கும் அதுவே தலைப்பாயிற்று.

பின்னர் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. வடக்கிலேயே தங்கி எழுதவேண்டும் என்று விரும்பியிருந்த அவரை, லூபஸ் என்னும் கொடிய வியாதி தாயாரிடம் திருப்பி அனுப்பியது. மில்லெட்ஜ்வில்லை அடுத்த பண்ணைவீட்டில், மயில்களை வளர்த்துக்கொண்டு, உடம்பு இடங்கொடுத்த அளவுக்கு எழுதிக்கொண்டு, எஞ்சிய ஆயுளை அவர் கழித்தார். 1964இல், முப்பத்தொன்பதாவது வயதில் மரணம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, அயோவாவில் எழுதிய அந்த முதற்கதையையே மீண்டும் எடுத்து, 'தீர்ப்பு நாள்' என்ற பெயரில் முற்றிலும் புதிதாக எழுதினார். கிழவர் இப்போது ஏங்குவதோடு நிற்கவில்லை. உயிரோடோ பிணமாகவோ ஜார்ஜியாவுக்குத் திரும்பியே தீருவது என்ற வைராக்கியம் கொண்டவராக இருக்கிறார். சொந்த ஊரிலேயே இருந்து எழுதிய அக்கதையிலும் பிரிவின் வேதனை சிறிதும் குறையாமலிருப்பதற்கு, இளமையில் வெளியூரில் கழித்த அந்தக் காலமே ஊற்றாக இருந்தது என்று நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறான உதாரணம் தமிழிலேயே நமக்கு இருக்கிறது. பால் எங்கிளும், சீனத்தில் பிறந்து தைவானிலிருந்து வந்தவரான ஹுவாலிங் நியே என்ற நாவலாசிரியையும் 1967இல் அதே சர்வகலாசாலையில் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தைத் தோற்றுவித்தார்கள். ஜெமினி ஸ்டூடியோ உத்தியோகத்தை 1966இல் துறந்து எழுத்தையே நம்பி வாழ்ந்துவந்த அசோகமித்திரன், 1973இல் அத்திட்டத்தின் அழைப்பின்பேரில் அயோவா சென்றார். எத்தியோப்பியா, பெரு முதலிய தேசங்களிலிருந்து வந்த எழுத்தாளர்களோடு ஒரே கட்டடத்தில் வசித்து, அவர்களுடைய கோபதாபங்களையும் தனிமையையும் அருகிருந்து கண்ட அனுபவம், சென்னைக்குத் திரும்பி நெடுங்காலம் ஊறிய பின்னரே 'ஒற்றன்!' என்ற நாவலாக வெளிவந்தது. ஜார்ஜியாவை அயோவாவிலிருந்து எழுதினார் ஓகானர். அயோவாவைச் சென்னையிலிருந்து எழுதினார் அசோகமித்திரன்.

நம் நாட்டில் நடத்தப்படும் பட்டறைகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு இரு நாட்களில் முடிந்துவிடுகின்றன. அவற்றை ஏற்பாடு செய்வோரின் சிரத்தையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை இட்லிக்கு மாவு அரைத்து வைத்தாயிற்றா என்ற கவலையுடன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த இரு நாட்களில் வீடு மனத்தைவிட்டு விலகுவதேது? எங்கிள் தம் காலத்தின் பெரும்பகுதியைத் தனவந்தர்களிடமும் வியாபார ஸ்தாபனங்களிடமும் நிதி திரட்டுவதிலேயே செலவிட்டார். வருகிறவருக்குத் தங்க இடமும் சாப்பாட்டுக்குப் பணமும் கொடுத்த பிறகே அவரிடம் எழுத்தை எதிர்பார்க்கலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இங்கேயும் அத்தகைய தங்குமிடம் ஒன்றை அமைக்க முன்வருகிறவர்கள், எழுத வருகிறவருக்குக் குறைந்தபக்ஷம் மூன்று மாத அவகாசமும், அந்த மூன்று மாதமும் அவர் இல்லாத வீட்டில் சமைப்பதற்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் ஆகும் செலவையும் சேர்த்தே தங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.